மூக்கால் வாசித்த காலம்

லைப்ரரி வேலைக்குப் போனால் கண்ணாடி போட வேண்டி வரும், தூசியில் இழுப்பு வரும், உட்கார்ந்து உட்கார்ந்தே முதுகு போய்விடும் என்றெல்லாம் எனக்கு முன்கூட்டியே சொன்னார்கள். மூக்கால் வரப்போகும் வினையைப் பற்றி ஒரு மனுஷரும் வாயைத் திறக்கவில்லை.

மாத்தளை டவுனில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கிற கடைகளுக்கு நடுவில், ஊர்க்காரர் சிலர் கமிட்டி போட்டு நடத்திய சின்ன லைப்ரரி எங்களுடையது. கீழே சிங்களப் புத்தகங்கள், மாடியில் தமிழ். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து கச்சேரி என்கிற அரசாங்க ஆபீசுக்குக் கிளார்க்காக வந்தவர். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், எனக்கு வாய்த்தது மாத்தளைப் பேச்சு. வாசகர்களுக்கு நான் "மிஸ்". புத்தகம் கட்டுகிற பியசேன என்னைவிட நல்ல மூப்பு என்றாலும் அவருக்கும் நான் மிஸ்தான். நான் அவரை "அய்யே" என்பேன், சிங்களத்தில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி.

கவுண்டருக்குப் பின்னால் காலம் தள்ளியவர்கள் யாராவது இதை வாசித்தால், உங்களுக்குப் புதிதாக ஒன்றும் சொல்லத் தேவையில்லை. வெளியே போன புத்தகம் வெறுமனே திரும்பி வராது. பிள்ளை பிறந்த வீட்டிலிருந்து வசம்பு வாசத்தோடு வரும். படுக்கையில் கிடக்கிறவர் வீட்டிலிருந்து தைல வாசத்தோடு வரும். தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து வருவதில் பச்சை விறகுப் புகை. வருஷக்கணக்காக இதையே முகர்ந்தால், அட்டையைப் பார்க்காமலே இது இன்னார் வீட்டுப் புத்தகம் என்று சொல்ல வந்துவிடும். இதில் பெரிய கெட்டித்தனம் ஒன்றும் இல்லை, நாய்க்கும் இது முடியும். ஆனால் நாயிடம் யாரும் வந்து கேள்வி கேட்பதில்லை பாருங்கள்.

ஹாஜியாரின் நாவல்கள்

என் மூக்குக்கு ஊரில் பெயர் வாங்கிக் கொடுத்தவர் எங்கள் கமிட்டியில் இருந்த ஹாஜியார். பக்கத்துத் தெருவில் மிளகு ஸ்டோர் வைத்திருந்தார். கிழமைக்கு இரண்டு நாவல் எடுப்பார். கூட்டம் நடந்தால் "வாசிக்காத சமுதாயம் உருப்படாது" என்று அரை மணித்தியாலம் பேசுவார். மிளகும் கராம்பும் அவர் சட்டையோடு பிறந்த வாசம், கடைக்கு முன்னால் போகிறவர்களுக்கே தும்மல் வரும். ஆனால் அவர் திருப்பிக் கொடுக்கிற புத்தகத்தில் மிளகு வாசம் மருந்துக்கும் இருக்காது. வதக்கின வெங்காயம், ரம்பை இலை, தேங்காய்ப்பால் — முழு அடுப்படியும் அதற்குள் இருக்கும்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "ஹாஜியார், இதெல்லாம் படிக்கிறது நீங்களா, உங்க வீட்டுக்காரியா?" மனுஷனுக்கு முகம் ஓடிக் கறுத்தது. சுற்றிப் பார்த்தார். பத்திரிகை மேசையில் யாரும் நிமிரவில்லை என்று தெரிந்த பிறகு கவுண்டருக்கு மேல் குனிந்தார். சொன்னதை அப்படியே தருகிறேன்: "எங்க ஊட்டுல அவதான் மிஸ் படிக்கிறா, சோறு ஆக்கிக்கிட்டே படிக்கிறா, ராவைக்கு எனக்குக் கதையச் சொல்லுவா, அல்லாவுக்காக இதக் கமிட்டியில சொல்லிப்போடாதீங்க."

எண்ணெய்த் தலை

ஹாஜியார் வாயை மூடச் சொன்னார், ஆனால் அவரே நாலு பேரிடம் "மிஸ்ஸுட மூக்கு பொல்லாத மூக்கு" என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு இளந்தாரிகளுக்கு நான் ஒரு விளையாட்டாகிப் போனேன். அதில் முதல் ஆள் மோகன்.

மோகனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். டவுனில் ஒரு மொத்தக் கடையில் வேலை, லொறியோடு தம்புள்ளைக்குப் போய் வெங்காயமும் மிளகாயும் ஏற்றிக்கொண்டு வருவான். லொறி நிற்கிற இடத்தில் எல்லாம் படிப்பான் போலிருக்கிறது, அப்படி வாசிப்பான். அவன் புத்தகத்தில் எப்போதும் பெரிய வெங்காய வாசம். அதற்கு மேலே வெந்தயமும் கறிவேப்பிலையும் போட்டுக் காய்ச்சின தலை எண்ணெய் வாசம். அவன் அம்மா காமாட்சியக்கா காய்ச்சுகிற எண்ணெய் அது. அக்காவுக்கு ஹாஜியார் ஸ்டோரில் மிளகு புடைத்துப் பொறுக்குகிற வேலை. இவன் ஒரே பிள்ளை, புருஷன் எப்போதோ செத்துவிட்டார்.

ஒரு தடவை மோகன் என்னைத் தோற்கடிக்க வேண்டும் என்றே வந்தான். எண்ணெய் வைக்காமல், கை கழுவி, பேப்பரில் சுற்றி வைத்துப் படித்தானாம். "இப்ப சொல்லுங்க பாப்போம் மிஸ்." புத்தகத்தை நடுவில் விரித்தேன். வெந்தயம் சும்மா கம்மென்று வந்தது. தலையணையில் இருந்து ஏறியிருக்கும் என்றேன். பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். "அம்மா தலையில எண்ணெய் வச்சிட்டுத்தான் மிஸ் சோறே போடுது, நான் எங்க போய் ஒளியிறது?"

என்ன புத்தகம்

பிறகு அந்தக் காலம் வந்தது. எண்பதுகளின் கடைசி. மாத்தளையில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம், இல்லாதவர்களுக்குச் சொன்னாலும் நம்பமாட்டார்கள். கலகம் செய்த சிங்கள இளைஞர்கள், அவர்களை அடக்க வந்த ஆமி, இரண்டு பக்கமும் கொன்றார்கள். காலையில் வேலைக்குப் போகிற வழியில் எதைப் பார்க்க வேண்டி வருமோ என்று தலையைக் குனிந்துகொண்டே நடப்போம். பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் பிள்ளையை வீட்டுக்குள்ளே வைத்துக்கொள்ளப் பார்த்தார்கள். வெங்காயம் ஏற்றப் போகிறவனை எப்படி வைத்துக்கொள்வது?

தம்புள்ளையில் லொறியை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போன மோகன் திரும்பி வரவில்லை. டிரைவர் காத்திருந்து பார்த்துவிட்டுத் தனியாக வந்தார். கொண்டுபோனது சீருடை போட்டவர்களா போடாதவர்களா என்று யாரும் பார்க்கவில்லை, பார்த்தவர் இருந்தாலும் சொல்லவில்லை. காமாட்சியக்கா பொலிஸ், கேம்ப், கோயில் என்று எல்லா வாசலிலும் நின்றுவிட்டு, ஒரு சனிக்கிழமை எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். எழுத்து வாசனை இல்லாத மனுஷி, அதற்கு முன்னால் அந்தப் படியில் கால் வைத்ததில்லை. மகன் போகும்போது பைக்குள் ஒரு லைப்ரரிப் புத்தகம் இருந்தது, அது என்ன புத்தகம் என்று கேட்டார். ஒரு துப்பறியும் நாவல், சிவப்பு அட்டை என்று சொன்னேன். கதையில் பிடிபட்டவன் தப்பினானா என்று கேட்டார். தப்பினான் என்றேன். அது உண்மைதான், நல்ல வேளை. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு எழும்பியவர், படியில் நின்று திரும்பினார். "அடுத்தவங்க பொருளக் குடுக்காம இருக்க மாட்டான் மிஸ், நான் அப்படி வளக்கல, புத்தகத்தக் கொண்டாந்து குடுக்க வருவான் பாருங்க."

யன்னல்

அந்த மாதங்களில் எங்கள் வாசகர்களில் ஒரு நாளும் விடாமல் வந்தவர் ஒரே ஒருத்தர், ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து வாத்தியார். மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். எண்பத்து மூன்று கலவரத்தில் அவருடைய வீட்டை எரித்தபோது அவர் சேர்த்து வைத்த புத்தகமெல்லாம் வீட்டோடு போனது. அதன் பிறகு சொந்தமாக ஒரு புத்தகமும் வாங்கவில்லை, பேப்பர் மட்டும்தான் வாசிப்பார், அதையும் எங்களிடம் வந்து வாசிப்பார்.

ஒரு நாள் காலையில் ரோட்டுப் பக்கமிருந்து டயர் எரிகிற வாசம் வந்தது. டயரோடு என்ன எரிகிறது என்று அந்த நாட்களில் யாரும் யாரிடமும் கேட்க மாட்டோம். ஐயோ, என் மூக்கை அறுத்து எறிந்தால் என்ன என்று இருந்தது. இன்றைக்கும் வேலியோரம் யாராவது பழைய செருப்பைப் போட்டுக் கொளுத்தினால் எனக்குச் சோறு இறங்காது. மாஸ்டர் பேப்பரை இறக்காமலே இருந்தார். அதன் பின்னாலிருந்து சொன்னார்: "பிள்ளை, உந்த யன்னலைச் சாத்தும்; நாட்டிலை அமைதி திரும்பிவிட்டுதெண்டு போட்டிருக்கிறான், நான் அதை நிம்மதியா வாசிக்க வேணும்."

அடுப்படிக்குப் போகாத புத்தகம்

காமாட்சியக்கா சனிக்கிழமை தோறும் கோயிலுக்குப் போய்விட்டு எங்களிடம் வருவார். மோகன் முன்னால் எடுத்துப் படித்த புத்தகங்களைக் காட்டச் சொல்வார். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பேன், மடியில் வைத்துத் தடவிப் பார்ப்பார். முகர்ந்தும் பார்ப்பார், ஆனால் பிரயோசனம் இல்லை. "மொளகுத் தூசியில கெடந்து மூக்கு செத்துப் போச்சு மிஸ், கருவாடு கருகினாலும் எனக்குத் தெரியாது, நீங்க மோந்து சொல்லுங்க" என்பார். என்னத்தைச் சொல்ல? அவன் படித்த பிறகு எத்தனையோ கை மாறிய புத்தகங்கள். ஒன்றில் பீடி, ஒன்றில் பால்மா, ஒன்றில் குழந்தையின் மூத்திரம். இல்லை அக்கா, இதில் இல்லை என்று ஒவ்வொரு சனியும் சொல்ல எனக்கு நெஞ்சு வலிக்கும். பொய் சொல்லலாம் என்றால் வாய் வராது, அந்தக் கண் அப்படிப் பார்க்கும்.

இது எப்படியோ ஹாஜியார் வீடு வரைக்கும் போய்விட்டது. ஒரு கிழமை அவர் புத்தகத்தை மற்றப் புத்தகங்களோடு வைக்காமல், தனியாக ஒரு வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். துணியை அவிழ்த்ததும் எனக்குக் கை நின்றுவிட்டது. வெந்தயம், கறிவேப்பிலை, தேங்காயெண்ணெய். மோகனுக்குப் பிறகு அந்தப் புத்தகத்தை எடுத்தது ஹாஜியார் வீடு ஒன்றுதான். வதக்கின வெங்காயம் இல்லை, ரம்பை இல்லை. அந்தச் சனிக்கிழமை அக்காவிடம் கொடுத்து, இதில் இருக்கு அக்கா, நல்லா இருக்கு என்று சொன்னேன். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் நான் சொன்ன பக்கத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகு நேரம் இருந்தார். ஹாஜியாரின் மனைவியை நான் ஒரு நாளும் கண்டதில்லை. அவர் சொல்லி அனுப்பியதை ஹாஜியார்தான் தரையைப் பார்த்துக்கொண்டு ஒப்பித்தார்: "மணத்த உடனே அவளுக்கு வெளங்கிட்டாம் மிஸ், இந்த ஒண்ண மட்டும் அடுப்படிக்குக் கொண்டு போகல, தொழுகைப் பாயில வச்சித்தான் படிச்சேன்னு அந்தத் தாய்க்கிட்ட சொல்லச் சொன்னா."

பியசேன வீட்டு அலுமாரி

பியசேனவுக்கும் ஒரு மகன் இருந்தான். கெம்பஸ் மாணவன். கெம்பஸை மூடிய காலத்தில் வீட்டில் இருந்தவனை விடியற்காலையில் ஜீப்பில் வந்து கூட்டிப் போனார்கள். பியசேன அதை எனக்குச் சொன்னது நடந்து வெகு நாளைக்குப் பிறகுதான். அதுவரைக்கும் வழக்கம் போல வந்து, மாவும், பூச்சி வராமலிருக்கத் துத்தமும் போட்டுப் பசை காய்ச்சி, முதுகு கழன்ற புத்தகங்களுக்கு முதுகு ஒட்டிக்கொண்டிருந்தார். நான்தான் ஒன்றும் தெரியாமல், அய்யே, ஏன் இப்போது பாட்டு முணுமுணுப்பதில்லை என்று கேட்டு வைத்தேன்.

ஒரு தடவை காய்ச்சலாகக் கிடந்தவரைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். சுவரில் இருந்த அலுமாரிக்குப் பெரிய பூட்டுப் போட்டிருந்தது. அந்த வீட்டில் பூட்டிப் பாதுகாக்க நகையா நட்டா என்று எனக்கே விளங்கவில்லை, என் கண் போன இடத்தைப் பியசேன கவனித்துவிட்டார். பாதித் தமிழில், மனைவிக்குக் கேட்காமல் சொன்னார்: "மவன் கழட்டிப் போட்ட ஷர்ட் மிஸ், கழுவ விடுறதும் இல்ல, தொறக்க விடுறதும் இல்ல, தொறந்தா வாசம் போகும்னு அவ சொல்றது."

பஸ்ஸில் வந்தது

இனிச் சொல்லப் போவதை லைப்ரரிக்காரர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். நீங்களும் இதைத்தான் செய்திருப்பீர்கள்.

ஊரில் அம்மை பரவிய வருஷம் கமிட்டி ஒரு சட்டம் போட்டது. நெடுநாள் கழித்து வருகிற புத்தகம், எங்கேயோ கிடந்து யாரோ கொண்டுவந்து கொடுக்கிற புத்தகம், எதுவானாலும் நேரே அலுமாரிக்குப் போகக்கூடாது. படிக்கட்டுக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி, அது நிறையப் பூச்சி உருண்டை. அதில் ஒரு கிழமை கிடந்த பிறகுதான் மேலே வரலாம். அந்தப் பெட்டிக்குப் பொறுப்பு பியசேன. சட்டம் என்றால் சட்டம், அதில் அவர் ஒரு நாளும் பிசகியதில்லை.

ஒரு கிழமை முடிந்து அவர் மேலே அனுப்பிய கட்டை அவிழ்த்தேன். மூன்றாவதாக ஒரு சிவப்பு அட்டை. துப்பறியும் நாவல். எங்கள் முத்திரை. மோகன் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. புத்தகத்தை விரித்து மூக்கில் வைத்தேன். பூச்சி உருண்டை. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். பூச்சி உருண்டை, பூச்சி உருண்டை. வேறு ஒன்றும் இல்லை. எந்த வீட்டு விறகுப் புகை, எந்த ஊர் மண், எண்ணெயா, இரத்தமா, ஒன்றும் இல்லை. படியில் இறங்கி ஓடி, "உங்களுக்கு மூக்கே இல்லையா அய்யே, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க" என்று அழுதுகொண்டே கத்தினேன். கீழே படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தமிழ் எழுத்துத் தெரியாத மனுஷன், என்ன புத்தகம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. பிறகு கத்தியை எடுத்து, தான் தைத்த தையலைத் தானே அறுத்தார். மடிப்புக்குள்ளே, முதுகுப் பக்கத்தில், பழைய வாசம் தங்கியிருக்கும் என்று விளக்கினார். இரண்டு பேரும் மாறி மாறி முகர்ந்தோம். உள்ளேயும் அதே நாற்றம்தான். திரும்பத் தைத்துக் கொடுத்தார்.

புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தது மலைக்காட்டு ஊரான லக்கல பக்கம் ஓடுகிற பஸ்ஸின் கொண்டக்டர். சீட்டுக்கு அடியில் கிடந்ததாம், முத்திரையைப் பார்த்து, டவுனுக்கு வருகிற வழியில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிப் போய் அவரைப் பிடித்தேன். யார் அந்தச் சீட்டில் இருந்தது, பல்லேகமவில் ஏறினவரா, காட்டுப் பக்கம் ஏறினவரா, ஆம்பளையா, பொம்பளையா, வயசென்ன என்று மூச்சு விடாமல் கேட்டேன். நல்ல மனுஷன், எரிச்சல்படவில்லை. டிக்கட் கட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சிங்களத்தில் சொன்னார், தமிழில் இவ்வளவுதான்: "பஸ்ஸுல ஏறுறவங்க மூஞ்சிய இந்தக் காலத்துல யாரு மிஸ் நிமிர்ந்து பாக்குறா?"

சனிக்கிழமை

அக்காவிடம் சொல்வதா, மறைப்பதா என்று நான் தூங்கவில்லை. புத்தகம் வந்தது என்றால் மகன் வந்த மாதிரி நினைப்பார். மகன் வரவில்லை, புத்தகம் மட்டும்தான் என்றால், அவன் கையை விட்டுப் போய்த்தான் புத்தகம் வந்தது என்று அர்த்தமாகிவிடும். இரண்டில் எதைச் சொல்வது? ஒளித்து வைக்கவும் மனம் வரவில்லை, அது அவர் பிள்ளை கொண்டுபோன பொருள். கடைசியில், நடந்ததை அப்படியே சொல்லிவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டேன். பெட்டி, உருண்டை, எல்லாவற்றையும்.

சனிக்கிழமை அக்கா நெற்றியில் திருநீறோடு வந்து உட்கார்ந்தார். பியசேன வேலையை விட்டுவிட்டு மேலே வந்து, சுவரோடு சுவராக நின்றார். தானே அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று என்னிடம் சொல்லியிருந்தார். நான் புத்தகத்தைக் கவுண்டரில் வைத்து, "அக்கா, இது மோகன் கொண்டுபோனது, லக்கல பஸ்ஸில் கிடந்திருக்கு" என்று மட்டும் சொன்னேன். அவர் அழவில்லை. இரண்டு கையாலும் எடுத்தார். சிவப்பு அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் "அக்கா, ஒரு விஷயம்" என்று தொடங்குவதற்குள் புத்தகத்தை விரித்து மூக்கில் வைத்துவிட்டார்.

அந்த முகம் மாறியதை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். வருஷக்கணக்காக ஒரு வாசமும் அறியாத மூக்கு அது. "மிஸ்!" என்றார். "எனக்கு வாசம் வருது மிஸ், எனக்கே வருது! பொட்டி வாசம். உடுப்பு மடிச்சி வக்கிற பொட்டிக்குள்ள போடுவாங்களே, அந்த உருண்டை." திரும்பவும் முகர்ந்தார், சிரித்தார், அப்போதுதான் கண்ணீர் வந்தது. "அப்ப அவன் காட்டுல இல்ல மிஸ், கேம்புல இல்ல. ஒரு வீட்ல இருக்கான். பொட்டி வச்சி, உருண்டை போட்டு, பொருள் பண்டத்தப் பத்திரமா வக்கிற வீடு. யாரோ அவன் உடுப்போட சேத்து இதையும் எடுத்து வச்சிருக்காங்க. நல்ல வீடுதானே மிஸ்?"

நான் பியசேனவைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வந்த மனுஷன், சுவரை விட்டு இரண்டடி முன்னால் வந்து, அக்காவுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்து, அவருக்கும் விளங்குகிற சின்னச் சிங்களத்தில், ஆமாம் அக்கா, நல்ல வீடு என்று சொன்னார்: "ஓவ் அக்கே, ஹொந்த கெதரக்."

லைப்ரரிக்குள் வாயைத் திறக்கக் கூடாது என்று ஊரையே அதட்டிச் சம்பளம் வாங்கிய நான், அந்தச் சட்டத்துக்கு நானே ஒழுங்காகக் கட்டுப்பட்டது அந்த ஒரு சனிக்கிழமைதான்.